கதை கேட்ட குழந்தை கையில் புத்தகம் இருக்கிறதா?

மே மாதம் பிறந்தால் தமிழ்நாட்டின் கிளை நூலகங்களுக்குப் புதுக்களை வந்துவிடும். வாசலில் கோடை முகாம் பதாகை தொங்கும். உள்ளே ஓவியம், காகித மடிப்பு, சதுரங்கம், விடுகதை, கதை சொல்லல், கையெழுத்துப் பயிற்சி. நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களின் நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாய் விரிப்பார்கள். நிறைவு நாளில் சான்றிதழும் பென்சில் பெட்டியும் கொடுத்து எல்லோரையும் நிறுத்திப் படம் எடுப்பார்கள். மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் அந்தப் படம் செய்தியாக வரும். ஜூனில் பள்ளி திறந்தபின் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் மறுபடி நூலகப் படியேறினார்கள் என்பது மட்டும் எந்தச் செய்தியிலும் வராது.

முகாம் நடத்துபவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெரும்பாலும் ஒற்றை ஆளாக நூலகத்தைத் திறந்து, பெருக்கி, பதிவேடு எழுதி, அதற்கு மேல் இருபது பிள்ளைகளையும் சமாளிக்கும் நூலகர்கள் அவர்கள். ஆனால் நூலகத்தில் நடக்கும் குழந்தைகள் நிகழ்ச்சி என்றால் அதன் முடிவில் குழந்தை ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். அது நடக்காவிட்டால் அதே நிகழ்ச்சியைக் கல்யாண மண்டபத்திலும் நடத்தியிருக்கலாம். அந்த ஒரு புத்தகம் வாசற்படி தாண்டாமல் எது தடுக்கிறது என்று தேடினால், பிள்ளைகளின் ஆர்வக் குறைவோ கைப்பேசியோ முதல் காரணமாக வருவதில்லை. விதிகளும் பழக்கங்களும் பணக் கணக்கும்தான் முதலில் வந்து நிற்கின்றன.

பணத்திலிருந்தே தொடங்கலாம். வீட்டு வரி ரசீதைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்து பைசா. 3,000 ரூபாய் சொத்து வரி கட்டும் குடும்பம் 300 ரூபாயை நூலகத்துக்குத் தந்துவிடுகிறது. வாடகைக்குக் குடியிருப்பவரும் வாடகையின் வழியாக இதில் பங்கு கொடுக்கிறார். இந்த ஏற்பாட்டுக்கு வேர், 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். விடுதலை பெற்ற இந்தியாவில் நிறைவேறிய முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, அதற்கென்று ஒரு வரி, அந்த வரியில் நடக்கும் நூலகங்கள் என்று அந்தச் சட்டம் போட்ட அடித்தளத்தின் மேல்தான் இன்று மாநிலத்தில் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் நிற்கின்றன.

இந்தியாவில் இது சாதாரணப் பேறு இல்லை. நூலக வரி என்று ஒன்றே இல்லாத மாநிலங்கள் பல உண்டு. ஆனால் வரியை வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி. செலவழிப்பது நூலக ஆணைக்குழு. வசூலான தொகை உள்ளாட்சியிடமிருந்து ஆணைக்குழுவுக்குக் காலத்தில் போய்ச் சேர்வதில்லை என்பது பல்லாண்டுகளாக நூலக ஆர்வலர்கள் சொல்லிவரும் முறையீடு. அந்தப் பணம் தாமதமானால் சிறுவர் பகுதிதான் முதலில் காய்கிறது. ஏனென்றால் சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் நிறுத்த முடியாது. நாளிதழை நிறுத்தினால் மறுநாள் காலையே பெரியவர்கள் கேள்வி கேட்பார்கள். சிறுவர் நூல் வாங்காமல் விட்டால் கேட்க ஆள் இல்லை. ஏழு வயதுக் குழந்தை மனு எழுதுவதில்லை.

இந்தச் சட்டத்துக்காக நெடுங்காலம் போராடியவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்காக இங்கிலாந்து போனபோது ஊர் நூலகங்கள் சாதாரண மக்களுக்கு எப்படித் திறந்திருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்துத் திரும்பினார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் மூன்றைச் சிறுவர் பகுதிக்கு எதிரே நின்று சொல்லிப் பார்க்க வேண்டும். நூல்கள் பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். அதே 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து ஒரு மாட்டுவண்டி நூலகம் சுற்றுக் கிராமங்களுக்குப் புறப்பட்டது. சாலையும் மின்சாரமும் சரியாக இல்லாத காலத்திலேயே, ஆள் வராவிட்டால் நூல் போக வேண்டும் என்று நினைத்த மண் இது.

இப்போது ஒரு கிளை நூலகத்துக்குள் போவோம். நாளிதழ் மேசை நடுவில். போட்டித் தேர்வு நூல்கள் கைக்கெட்டும் இடத்தில். சிறுவர் நூல்கள் எங்கே என்று கேட்டால், பல இடங்களில் ஒரு பீரோவைக் காட்டுவார்கள். கண்ணாடிக் கதவு, அதில் பூட்டு. கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று அட்டைகள். சாவி நூலகரின் மேசை இழுப்பறையில் இருக்கும். கேட்டால் திறந்து தருவார், தரமாட்டேன் என்று சொல்லமாட்டார். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை பெரியவர் ஒருவரிடம் போய்ப் பீரோவைத் திறக்கச் சொல்லுமா? தனக்கு எந்த நூல் வேண்டும் என்பதே புரட்டிப் பார்த்த பின்புதானே அதற்குத் தெரியும்?

இந்தப் பூட்டை நூலகரின் கல்நெஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாது. இருப்புச் சரிபார்ப்பின்போது நூல் குறைந்தால் பொறுப்பு நூலகர் தலையில் விழுகிறது. இழப்புக்கு ஓரளவு விலக்கு இருந்தாலும், விளக்கக் கடிதம் எழுதும் வேலையும் சம்பளத்தில் கைவைத்துவிடுவார்களோ என்ற பயமும் அவரை விடுவதில்லை. குறைந்த ஊதியத்தில் வேலை பார்க்கும் ஊர்ப்புற நூலகர் அந்த ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும்? நூல் தொலைந்தால் கேள்வி வருகிறது. நூல் பத்தாண்டு பூட்டிக் கிடந்தால் ஒரு கேள்வியும் வருவதில்லை. ஒழுங்குமுறை இப்படி அமைந்திருக்கும் வரை பீரோ பூட்டித்தான் இருக்கும். சிறுவர் நூல் என்பது கிழியும், எச்சில் படும், சில தொலையும். பள்ளிக்கூடச் சுண்ணாம்புக்கட்டி தேய்வதைப் போல அதைத் தேய்மானக் கணக்கில் எழுதிவிட வேண்டிய பொருள். சிறுவர் நூல்களில் ஆண்டுக்கு ஒரு பங்கு இழப்பை விளக்கம் கேட்காமல் தள்ளுபடி செய்ய ஓர் ஆணை வந்தால், எந்தக் கோடை முகாமும் செய்ய முடியாத மாற்றத்தை அது செய்யும் என்று நம்புகிறேன்.

அடுத்த தடை உறுப்பினர் அட்டை. படிவம், படம், முகவரிச் சான்று, காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா. தொகை சிறியதுதான். ஆனால் தினக்கூலிக்குப் போகும் பெற்றோர் வேலை நாளை விட்டுவிட்டு இதற்காக வரமாட்டார்கள். பள்ளி ஆசிரியர்களும், நூலகத்துக்குத் துணைநிற்கும் உள்ளூர் வாசகர்கள் குழுவான வாசகர் வட்டத்தினரும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு மொத்தமாகப் பணம் கட்டி உறுப்பினராகச் சேர்த்தார்கள் என்று செய்திகள் அடிக்கடி வருகின்றன. ஆயிரம் ரூபாய் செலுத்திப் புரவலராகிறவர்கள் பலர். இந்த நல்ல மனம்தான் நம் நூலகங்களைத் தாங்குகிறது. ஆனால் சேர்க்கையோடு வேலை முடிந்துவிடுவதுதான் குறை. அட்டைகள் கட்டாகக் கட்டப்பட்டுத் தலைமையாசிரியர் அறையிலோ நூலக இழுப்பறையிலோ கிடக்கின்றன. உறுப்பினர் எண்ணிக்கை ஏறுகிறது, இரவல் பதிவேடு அப்படியே இருக்கிறது.

கர்நாடகம் இந்த இடத்தில் வேறு வழி எடுத்தது. 2019-இல் அங்கே கிராம ஊராட்சி நூலகங்கள் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வந்தன. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது, 2020-இல், ஆறு முதல் பதினெட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லாத உறுப்பினர் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பல லட்சம் பிள்ளைகள் சேர்ந்தார்கள். நாம் நூலக வரி கட்டும் மாநிலம். இங்கே பிள்ளைகளிடம் காப்புத்தொகை வாங்கிச் சேரும் வருமானம் எந்தச் செலவுக்கும் போதாது. அது பிள்ளைகளை வெளியே நிறுத்துவதற்கு மட்டும்தான் உதவுகிறது. பதினெட்டு வயதுக்குள் இருப்பவர் எல்லோருக்கும் காப்புத்தொகையும் சந்தாவும் இல்லை என்று அறிவிக்கத் தமிழ்நாட்டுக்கு எந்தத் தடையும் இருப்பதாகத் தெரியவில்லை.

கதை சொல்லல் ஏன் வேண்டும் என்பதற்கு நம் மொழியிலேயே அழுத்தமான காரணம் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த குழந்தை, புத்தகத்தைத் திறந்தால் வேறொரு தமிழைப் பார்க்கிறது. அது 'வந்துட்டான்' என்று சொல்லும். நூலில் 'வந்துவிட்டான்' என்று இருக்கும். அது 'போயிடுச்சு' என்று சொல்லும். நூலில் 'சென்றுவிட்டது' என்று இருக்கும். எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தாலும், படித்தது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று கண்டுபிடிக்க இன்னொரு படி ஏற வேண்டியிருக்கிறது. எழுத்துகளைப் பழகுவதே சுமையாக இருக்கும் வயதில் இந்த இரட்டைச் சுமையில் பல பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்கள். எழுத்துத் தெரிந்தும் வாசிக்காத பிள்ளை என்று நாம் அலுத்துக்கொள்கிறோமே, அவர்களில் பலருக்குச் சிக்கல் இதுதான்.

இதைக் கடக்க உதவுவது காது. எழுத்துத் தமிழை யாராவது உயிரோடு படித்துக் காட்டக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த வாக்கியங்களின் ஓட்டம் குழந்தைக்குப் பிடிபடுகிறது. புத்தகம் நிறைந்த வீட்டில் இதை அப்பாவோ பாட்டியோ செய்துவிடுகிறார்கள். புத்தகம் இல்லாத வீட்டுக் குழந்தைக்கு இதைச் செய்யக்கூடிய ஒரே பொது இடம் நூலகம். பள்ளியில் வாசிப்பு என்றாலே பின்னால் ஒரு கேள்வியும் மதிப்பெண்ணும் வருகின்றன. நூலகத்தில் கேட்டுவிட்டுச் சும்மா போகலாம்.

அதனால்தான் கதை சொல்வதையும் கதை படித்துக் காட்டுவதையும் நான் பிரித்துப் பார்க்கிறேன். முகமூடியும் பாட்டும் ஆட்டமுமாகக் கதை சொல்பவர்கள் இன்று தமிழ்நாட்டில் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அது அருமையான கலை. ஆனால் கதைசொல்லி கிளம்பும்போது கதையும் அவரோடு கிளம்பிவிடுகிறது. படித்துக் காட்டினால் கதை அங்கேயே, அந்த நூலிலேயே இருக்கும். எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஞாயிறு காலையில் படக்கதை நூலைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, விரலை வரிக்கு அடியில் நகர்த்தியபடி படித்துக் காட்டுவார். படித்து முடித்ததும் நூலைப் பாயில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அவ்வளவுதான். ஒரு முறை ஒரு சிறுமி அந்த நூலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, தம்பிக்கு அதே விரல் நகர்த்தலோடு, "யானை மெல்ல நடந்து வந்தது" என்று வரி பிசகாமல் சொன்னாள். பாதி வரிகளை அவள் நினைவிலிருந்துதான் சொன்னாள், கண் எழுத்தில் இல்லை. இருந்தாலும் எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று தெரிந்திருந்தது. வாசிப்பு இப்படித்தான் தொடங்குகிறது. அந்த நூலை அன்றைக்கே அவள் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். ஒரு வாரத்தில் ஏழு முறை படிப்பாள். ஏழாவது முறை கண்ணும் எழுத்தும் சேர்ந்துவிடும்.

இதற்கு அலமாரியில் சரியான நூல் வேண்டும் என்பது அடுத்த கவலை. ஆறு வயதுக்கு உரியது பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய படம். பத்து வயதுக்கு உரியது அத்தியாயம் பிரித்த சின்ன நாவல். இந்த இரண்டுக்கும் நடுவே ஏணிப்படி போல நூல்கள் தேவை. பல கிளைகளில் சிறுவர் நூல் என்ற பெயரில் இருப்பவை தலைவர்கள் வரலாறு, பொது அறிவுக் கேள்வி பதில், நீதிக்கதைத் தொகுப்பு, பொடி எழுத்தில் கட்டுரைத் தொகுதி. பக்கக் கணக்கை வைத்து விலை போடும் பழைய கொள்முதல் முறையில், வண்ணத்தில் அச்சிட்ட மெல்லிய படக்கதை நூலை விற்கப் பதிப்பாளருக்கு ஆசை வராது. தடித்த தொகுப்புக்குத்தான் கணக்கு ஒத்துவரும். குழந்தை எடுத்தவுடன் கீழே வைத்துவிடும் நூல்கள் அலமாரியை நிறைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கொள்முதலை இணையவழிக்கும் வெளிப்படையான முறைக்கும் மாற்றும் முயற்சி அண்மையில் நடந்திருக்கிறது. அதில் வயதுவாரியாகச் சிறுவர் நூலுக்குத் தனிப் பங்கு ஒதுக்கப்படுகிறதா என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நூல்களே இல்லை என்று இப்போது சொல்ல முடியாது. நேஷனல் புக் டிரஸ்ட் பல்லாண்டுகளாகத் தமிழில் மலிவு விலையில் சிறுவர் நூல்கள் போடுகிறது. சென்னையின் துலிகா 1996 முதல் இருமொழிப் படக்கதைகளை வெளியிடுகிறது. பாரதி புத்தகாலயமும் சிறுவர்க்கெனத் தனி வரிசை நடத்துகிறது. பிரதம் புக்ஸ் தன் கதைகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரித்துக் குட்டி நூல்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. நான் மேலே சொன்ன ஏணிப்படி இதுவே. பள்ளிக்குள் வந்துவிட்ட இந்த வரிசைப்படுத்தல், இரண்டு தெரு தள்ளி இருக்கும் கிளை நூலக அலமாரிக்கும் வர வேண்டும். ஒரே அரசின் இரு கைகள்தானே அவை.

பெரிய நூலகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2010-இல் சென்னைக் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் 2023-இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பிள்ளைகளுக்கெனப் பெரிய பகுதி ஒதுக்கியவை. சென்னையில் செயற்கை மரத்தடியில் பிள்ளைகள் சாய்ந்து படிப்பதைப் பார்க்கும் எவருக்கும் மனம் நிறையும். பார்த்துவிட்டு வருவதற்கு அவை ஒப்பற்ற இடங்கள். ஆனால் குழந்தை தனியாக நடந்து போகும் தூரத்தில் இருக்கும் நூலகமே அதன் வாழ்க்கையில் நூலகம். சென்னை நூலகமும் நெடுங்காலம் உள்ளே அமர்ந்து படிக்கும் நூலகமாகவே இருந்தது, வீட்டுக்கு நூல் தரவில்லை. கிராமங்களின் கதை இன்னும் வருத்தம் தருவது. 2006-க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் நூலகக் கட்டடம் எழுப்ப முனைந்தார்கள். கட்டடங்கள் எழுந்தன, நூல்களும் வந்தன. நிரந்தர ஆள் இல்லை. பல ஊர்களில் அவை பூட்டிக் கிடந்து பாழாயின. கட்டடம் இருந்தும் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

போட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நவம்பர் 14 முதல் தேசிய நூலக வாரம். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி. பேச்சுப் போட்டியில் நூலகத்தின் பெருமை என்று யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து பிள்ளைகள் முழங்குகிறார்கள். பரிசு வாங்குவது ஏற்கெனவே படிக்கத் தெரிந்த, வீட்டில் எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிற பிள்ளைதான். மற்றவர்கள் கைதட்டிவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரு வாரத்துக்குப் போட்டிகளை நிறுத்திவிட்டு, வருகிற ஒவ்வொரு குழந்தைக்கும் அட்டை போட்டு ஒரு நூல் கொடுத்து அனுப்பினால் செலவு அதிகமாகிவிடாது.

நேரமும் ஒரு பிரச்சினை. பள்ளி முடிந்து பிள்ளைகள் வீடு வந்து சேர்வதற்கும் டியூஷனுக்குக் கிளம்புவதற்கும் நடுவே கிடைப்பது அரைமணியோ முக்கால் மணியோ. பகுதி நேர நூலகம் அந்த நேரத்தில் திறந்திருக்கிறதா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் ஞாயிறு திறந்திருப்பது நல்ல வாய்ப்பு. பெற்றோர் பலருக்கு இது தெரிவதே இல்லை. ஞாயிறு எந்த அரசு அலுவலகம் திறந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். 2022-இல் தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் நூல்களை வீடு தேடிப் போய்க் கொடுக்கிறார்கள். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவும் அதே பை, பிள்ளைகள் கூடும் டியூஷன் திண்ணைக்கும் போகலாம்.

இவற்றில் ஆணை பிறப்பித்து மாற்ற வேண்டியவை இழப்புத் தள்ளுபடியும் இலவச உறுப்பினர் அட்டையும் கொள்முதல் பங்கும். அவற்றுக்காக ஊர் மக்கள் வாசகர் வட்டம் வழியாகவும் கிராமசபை வழியாகவும் கேட்க வேண்டும். நூலக வரி கட்டுகிறோம் என்ற உரிமையோடு கேட்கலாம். ஆணை வரும்வரை செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. பீரோவிலிருந்து ஐம்பது நூலை மட்டும் வெளியே எடுத்து, குழந்தையின் உயரத்தில், அட்டை முகப்புத் தெரிய அடுக்கி வைப்பது. அந்த ஐம்பதில் எது தொலைந்தாலும் வாங்கிக் கொடுப்போம் என்று வாசகர் வட்டம் நூலகருக்கு எழுத்தில் தருவது. மெல்லிய படக்கதை நூல்களின் விலைக்கு, ஒரு நிகழ்ச்சியின் பதாகைச் செலவில் பல நூல்களை ஈடுகட்டிவிடலாம். ஞாயிறு காலை ஒருவர் படித்துக் காட்ட, இன்னொருவர் இரவல் பதிவேட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். கூட்டம் எவ்வளவு என்று எழுத வேண்டாம். எத்தனை நூல் வெளியே போனது, எத்தனை திரும்பி வந்தது, திரும்பியவற்றில் எது கந்தலாகி வந்தது என்று எழுதினால், அடுத்த முறை எந்த நூலில் இரண்டு பிரதி வாங்க வேண்டும் என்பதும் அந்தப் பதிவேட்டிலேயே தெரிந்துவிடும்.